எந்த உயரத்தில் எந்த ஊர்

ஆற்காடு தெரிந்தால் ராணிப்பேட்டை தெரிவதில்லை. ராணிப்பேட்டை வந்துவிட்டால் ஆற்காட்டைக் காணோம்.

கணினியில் பூமியுருண்டையைத் திறந்து, தமிழ்நாட்டின் வடக்குப் பக்கமாகக் கொண்டுவந்து, நூறு கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தி, மெல்ல இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். ஊர்ப் பெயர்கள் பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதுபோல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உட்காரும். பாலாற்றின் தென்கரையில் ஆற்காடு, எதிர்க்கரையில் ராணிப்பேட்டை. ராணிப்பேட்டையை ஒட்டி வாலாஜாபேட்டை, ஆற்காட்டை ஒட்டி மேல்விஷாரம். நான்கும் தனித்தனி ஊர்கள், தனித்தனி உள்ளாட்சிகள். ஆனால் டவுன் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுத்து, மீதிச் சில்லறை கைக்கு வருவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

இந்தத் தள்ளுமுள்ளுக்குக் காரணம் எளிது. மேலே போகப் போக ஊர் சுருங்கும், ஊரின் பெயர் சுருங்காது. ‘ராணிப்பேட்டை’ என்ற சொல் என் திரையில் ஏறத்தாழ 90 புள்ளி அகலம் பிடிக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் அந்த 90 புள்ளி ஒரு தெருவை மறைக்கும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் அதே 90 புள்ளி ஒன்பதரை கிலோமீட்டர் தரையை மறைத்துவிடும். நான்கு ஊர்களும் ஏறக்குறைய அதற்குள் அடக்கம். ஆகவே மென்பொருள் ஒரு பெயரை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுகிறது.

எதை வைத்துக்கொள்வது? மென்பொருளுக்கு வரலாறு தெரியாது. ஆற்காடு நவாபின் தலைநகரம் என்பதோ, 1751இல் கிளைவ் அங்கே முற்றுகையில் கிடந்தான் என்பதோ அதற்கு ஒரு பொருட்டல்ல. ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் ஓர் எண் எழுதியிருக்கும்: மக்கள்தொகை, நிர்வாகத் தகுதி இவற்றை வைத்துப் போட்ட வரிசை எண். சின்ன எண்காரர் முதலில் உட்காருவார். 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்து ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. அன்றைக்கு ஊரில் ஒரு செங்கல்லும் இடம் மாறவில்லை. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அந்த வரிசை எண் மாறியிருக்க வேண்டும். பட்டியலைப் புதுப்பித்த பூமியுருண்டையில் ராணிப்பேட்டை முந்தும். புதுப்பிக்காததில் ஆற்காடே ஆளும்.

அந்தத் தேதிக்கு முதல் நாள், நவம்பர் 27 காலையில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-3 மேலே போனது. 25 செ.மீ. அகலமுள்ள தரைத்துண்டைக்கூடத் தனிப் புள்ளியாகப் பிடிக்கும் செயற்கைக்கோள் அது. அவ்வளவு கூர்மையான கண் வானத்தில் இருக்கும்போது, நம் திரையில் ஓர் ஊர் தெரிவதும் தெரியாமல் போவதும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

*

முதலில் ஒரு கணக்கு. மனதில் போட்டுக்கொண்டால் போதும், தாள் வேண்டாம். நான் பார்க்கும் திரையில் மேலிருந்து கீழாக 1,080 புள்ளிகள். மென்பொருளின் பார்வைக் கோணம் 60 பாகை என்று வைத்துக்கொண்டு முக்கோணவியலைப் போட்டால், நேர்கீழே பார்க்கும்போது ஒரு புள்ளிக்குள் அகப்படும் தரை, உயரத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர். நூறு கிலோமீட்டரில் நூறு மீட்டருக்குச் சற்று மேல். ஒரு கிலோமீட்டரில் ஒரு மீட்டர்.

பாலாறு மொத்தம் 348 கி.மீ. ஓடுகிறது, அதில் 222 கி.மீ. தமிழ்நாட்டில். ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலான மாதங்களில் அது மணல்தான். ஆற்காட்டுப் பாலத்தருகே அதன் படுகை பல நூறு மீட்டர் அகலம் என்பதால் நூறு கிலோமீட்டர் உயரத்திலும் வெளிறிய கோடாகத் தெரியும். பக்கத்தில் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை அந்த உயரத்தில் அரைப் புள்ளிகூடத் தேறாது. ஆனாலும் வரைபட அடுக்கைப் போட்டால் பளிச்சென்று மஞ்சள் கோடாக வந்து நிற்கிறது. மூன்று புள்ளி அகலக் கோடு என்றால், படத்தின் கணக்கில் முந்நூறு மீட்டர் அகலச் சாலை. அப்படியொரு சாலை எந்த நாட்டிலும் கிடையாது. புகைப்படம் இருப்பதைக் காட்டுகிறது, கோடும் பெயரும் இருப்பதைச் சொல்கின்றன. சொல்வதற்கு இடம் வேண்டும், இடம் போதாதபோது சிலவற்றைச் சொல்லாமல் விடத்தான் வேண்டும். ஆகவே புகைப்பட அடுக்குக்கு ஒரு நியாயம், பெயர் அடுக்குக்கு வேறொரு நியாயம்.

புகைப்படத்தின் நியாயத்தைப் பார்ப்போம். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். அதை மீட்டருக்கு ஒரு புள்ளியாகப் படமெடுத்துச் சுருக்காமல் வைத்தால் சுமார் 1,500 டெராபைட். உங்கள் திரையில் இருப்பதோ இருபது லட்சம் புள்ளி. எந்த உயரத்தில் நின்றாலும் ஒரு நேரத்தில் உங்களுக்குத் தேவை அந்த இருபது லட்சம்தான், மிச்சமெல்லாம் வீண் சுமை. இந்த எளிய உண்மைமேல்தான் பூமியுருண்டை நிற்கிறது.

வழி என்னவென்றால், படத்தை முன்கூட்டியே பல அளவுகளில் சுருக்கி அடுக்கி வைத்துக்கொள்வது. உலகம் முழுவதையும் 256க்கு 256 புள்ளியில் ஒரே டைலாக. அடுத்த படியில் நான்கு டைல், அதற்கடுத்து பதினாறு. பதினெட்டாம் படியில் ஏறக்குறைய 6,872 கோடி டைல். அங்கே ராணிப்பேட்டை நிற்கும் அட்சரேகையில் ஒரு புள்ளி 58 செ.மீ. கீழே அகன்று மேலே கூம்பும் பிரமிடு இது. இத்தனை படிகளையும் சேர்த்து வைக்க அதிகப்படியாகப் பிடிக்கும் இடம் மூலப்படத்தில் மூன்றில் ஒரு பங்குதான்: கால், அதில் கால், அதிலும் கால் என்று கூட்டிக்கொண்டே போனால் மூன்றில் ஒன்றைத் தாண்டாது. பூமியுருண்டையை நெருங்கும்போது முதலில் கலங்கலாகவும் பிறகு தெளிவாகவும் வருகிறதே, அது இணையத்தின் சோம்பல் மட்டுமல்ல. கீழ்ப்படி டைல் வந்து சேரும்வரை மேல்படி டைலை இழுத்துப் பெரிதாக்கி ஒட்டிவைக்கிறார்கள், அவ்வளவுதான்.

சுருக்கி அடுக்கும் இந்த உத்தியை 1983இல் கணினி வரைகலைக்கு எழுதிக்கொடுத்தவர் லான்ஸ் வில்லியம்ஸ். பிரமிடு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல், பார்வை படும் இடத்துக்கு வேண்டிய நடுத்துண்டை மட்டும் ஏற்றினால் போதும் என்று 1998இல் காட்டியவர்கள் மூவர்: கிறிஸ்டோபர் டேனர், கிறிஸ்டோபர் மிக்டால், மைக்கேல் ஜோன்ஸ். இந்த யோசனையின் வழியில்தான் கீஹோல் என்ற நிறுவனம் வந்தது. அதை 2004இல் கூகுள் வாங்கியது, 2005 ஜூனில் கூகுள் எர்த் வெளியானது. டேனர் என்ற குடும்பப் பெயருக்குத் தோல் பதனிடுபவர் என்று பொருள் என்பதை, தோல் தொழிலுக்குப் பேர்போன ராணிப்பேட்டையின் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*

இந்தப் பிரமிடைத் தாளில் ஏற்கெனவே கட்டிவைத்திருந்தார்கள் என்பது எனக்கு ஓய்வுபெற்ற ஒரு நில அளவர் சொல்லித்தான் உறைத்தது. காவேரிப்பாக்கம் பக்கத்துக்காரர். பூமியுருண்டையைக் காட்டியபோது மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டார்: “இன்னா தம்பி, எங்க ஏரி எங்க கீது?”

“இன்னும் கிட்டப் போகணும் சார்.”

“அப்ப ஷீட்டு மாதிரிதான் இதுவும்” என்றார்.

இந்திய நில அளவைத் துறையின் தாள்களை அவர் சொன்னார். நான்கு பாகை அகலம், நான்கு பாகை உயரம் கொண்ட பெருங்கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நம்முடையது 57. பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அது ஒரே தாள். அதைப் பதினாறாகப் பிரித்தால் ‘ஏ’ முதல் ‘பி’ வரை பதினாறு தாள், இரண்டரை லட்சத்துக்கு ஒன்று. (ஆங்கில நெடுங்கணக்கில் இரண்டாவதாக வரும் ‘பி’ அல்ல, பதினாறாவதாக வருவது. தமிழில் எழுதும்போது வரும் சங்கடம்.) ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறாக்கினால் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று. ராணிப்பேட்டை இருப்பது 57 பி/5. வேலூர் 57 பி/1. ஆம்பூர் 57 எல்/9, வாணியம்பாடி அதற்கு நேர்கீழே 57 எல்/10. பூமியுருண்டை ஒரு படிக்கு நான்காகப் பிரிக்கிறது. அவர்கள் பதினாறாகப் பிரித்தார்கள். வித்தியாசம் அவ்வளவே.

ஒரு படி மேலே ஏறும்போது எத்தனை ஏரியைக் கைவிடுவது என்பதற்கும் வரைபடக்காரர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. ஜெர்மானியரான டாப்பர் 1960களில் பழைய தாள்களை எண்ணிப் பார்த்துச் சொன்னது அது. அளவு மாறும் விகிதத்தின் வர்க்கமூலம் எவ்வளவோ, அவ்வளவு பங்கு பொருள்கள் மிஞ்சும். ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டரை லட்சத்துக்குப் போனால் ஐந்து மடங்கு. ஐந்தில் ஒன்றின் வர்க்கமூலம் 0.45. நூறு ஏரியில் நாற்பத்தைந்து பிழைக்கும். மடங்குக்கு மடங்கு குறைத்திருந்தால் இருபதுதான் மிஞ்சியிருக்கும். கண்ணுக்குத் தாள் நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதால் வரைபவர் கை கொஞ்சம் தாராளமாகவே போயிருக்கிறது. ஏரிகளால் ஆன வட ஆற்காட்டில் இந்த நாற்பத்தைந்துக்குள் வருவதும் வராததும் ஓர் ஊருக்கு மானப் பிரச்சினை. காவேரிப்பாக்கம் ஏரி எந்தத் தாளிலும் நீலமாக நிற்கும். அதன் உபரி நீர் வாங்கும் குட்டி ஏரிக்கு யார் உத்தரவாதம்?

நில அளவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு விருந்து. ஐம்பதாயிரத்தோடு பிரமிடு முடியவில்லை. அதற்கும் கீழே கிராம வரைபடம், அதற்கும் கீழே ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடம். அது சங்கிலி போட்டு அளந்தது. ஒரு சங்கிலி 66 அடி, அதில் நூறு லிங்க்ஸ். ஒரு லிங்க் 7.92 அங்குலம், அதாவது 20 செ.மீ. கார்ட்டோசாட்-3இன் புள்ளி 25 செ.மீ. வெயிலில் வரப்பு வரப்பாகச் சங்கிலி இழுத்த ஆள் எழுதிவைத்த எண், விண்வெளிக் கண்ணைவிட ஒரு நூல் நுணுக்கமானது!

*

இனி ராணிப்பேட்டையின் மிகப் பிரபலமான குப்பைமேட்டைத் தேடுவோம்.

சிப்காட் வளாகத்தில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, தோல் பதனிடுவதற்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்துகொடுத்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமிய உப்பு நாள்கணக்கில் முடித்துவிடும். டிரம்மிலிருந்து தோல் நீலமாக வெளியே வரும், அதை ‘வெட் ப்ளூ’ என்பார்கள். தோலில் தங்கும் குரோமியம்-3 பெரிய தொல்லையில்லை. உப்பைச் செய்த ஆலையின் கழிவில் தங்கியிருப்பது குரோமியம்-6. நச்சு, நீரில் எளிதில் கரைவது, புற்றுநோய் வரவழைப்பது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை ஆலை திறந்தவெளியில் குவித்துவிட்டுப் போனது. மழை பெய்தால் மேட்டடியில் மஞ்சள் தண்ணீர் ஊறும். 2006இல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

மேடு பக்கத்துக்கு இருநூறு மீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நம் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில், நூறு கிலோமீட்டர் உயரத்தில் அது இரண்டு புள்ளி. பத்து கிலோமீட்டரில் பத்தொன்பது. இரண்டு கிலோமீட்டருக்கு இறங்கினால்தான் தொண்ணூற்றுச் சொச்சம் புள்ளியாகி, இது வெறும் மண் இல்லை என்று கண் சந்தேகப்படும். இதில் எந்தச் சதியும் இல்லை. சின்னது சின்னதாகத் தெரிகிறது.

ஆனால் மஞ்சள் தண்ணீருக்கு நடப்பது வேறு. பிரமிடின் ஒவ்வொரு படியிலும் நான்கு புள்ளியின் நிறத்தைச் சராசரி எடுத்து ஒரு புள்ளியாக்குகிறார்கள். மஞ்சள் ஒரு புள்ளி, பக்கத்தில் மூன்று மண் நிறம்; மேல்படியில் கால்வாசி மஞ்சள். அதற்கு மேல் பதினாறில் ஒன்று. ஐந்து படி ஏறினால் 1,024இல் ஒன்று. எந்த வண்ணத் திரையும் அந்த வித்தியாசத்தைக் காட்டாது. மேல்படிகளில் அந்த மஞ்சளை யாரும் அழிக்கவில்லை, கரைத்துவிட்டார்கள். குளத்தில் ஒரு வாளிக் கழிவை ஊற்றிவிட்டுக் குளத்துத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் இதே கணக்குதான்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இங்கேயே இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு முடிவு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. சிதறிக் கிடக்கும் அத்தனை நிலத்தையும் ஒரே சதுரமாகச் சேர்த்தால் பக்கத்துக்குப் பதினெட்டரை கிலோமீட்டருக்கு மேல் வரும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் அது 170 புள்ளிக்கும் கூடுதல், நம் ஊர்ப்பெயரைப்போல் இரு மடங்கு அகலம். பளிச்சென்று தெரிய வேண்டும், ஆனால் தெரியாது. உவர்ப்பேறிய நிலம் மேலிருந்து பார்க்கத் தரிசு மாதிரியும் கருவேலங்காடு மாதிரியும்தான் இருக்கும். மேட்டுக்கு நிறம் உண்டு, அளவு போதாது. நிலத்துக்கு அளவு உண்டு, நிறம் இல்லை. இதைக் காட்ட வேண்டுமானால் புகைப்படத்தின்மேல் யாராவது தனியாக ஓர் அடுக்கு வரைய வேண்டும்.

*

அடுக்கு வரைந்தவன் என்ற முறையில் என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்கிறேன்.

வெவ்வேறு ஆய்வு அறிக்கைகளில் அச்சாகியிருந்த, கிணற்று நீரில் உள்ள குரோமிய அளவுகளைத் திரட்டி, கிணற்றுக்கு ஒரு புள்ளியாக அடுக்கு ஒன்று செய்தேன். எல்லா உயரத்திலும் தெரியும்படி விட்டால் மேலிருந்து பார்க்கும்போது புள்ளிமேல் புள்ளி ஏறி, ஈ மொய்த்த மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் இறங்கிய பிறகே தெரிய வேண்டும் என்று விதி எழுதினேன்.

பூமியுருண்டை மென்பொருள்களில் இந்த விதியை எழுத இரண்டு மரபு உண்டு. நாசா 2004இல் வெளியிட்ட வேர்ல்ட் விண்டு அடுக்குக்கு ஒரு கீழ் உயரமும் மேல் உயரமும் குறிக்கவிடும். அவற்றுக்கு இடைப்பட்ட உயரத்தில்தான் அடுக்குக்கு உயிர். கீஹோலிலிருந்து வந்து 2008இல் பொதுத் தரமான கே.எம்.எல். மொழியில் உயரம் பேச்சே கிடையாது. ஒரு கட்டம் போட்டு, ‘இந்தக் கட்டம் திரையில் இத்தனை புள்ளிக்குமேல் இடம் பிடித்தால் காட்டு, இத்தனைக்குமேல் போனால் மறை’ என்று எழுத வேண்டும். மேல் வரம்பு வேண்டாமென்றால் அந்த இடத்தில் -1. சட்டென்று முளைத்துச் சட்டென்று மறையாமல், சாயம் ஏறுவதுபோல் மெல்ல வரவைக்கவும் ஓர் எண் உண்டு. இவையெல்லாம் ஓர் அடுக்கு எப்போது தெரியும் என்பதற்கான விதிகள். தெரியும்போது எவ்வளவு நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்பது தனித் திருகு. உலாவியில் ஓடும் சீசியம், ஒரு டைலின் தோராயம் திரையில் எத்தனை புள்ளிப் பிழையாக விழும் என்று கணக்கிடும். தரைக்கு அதன் வழக்கமான வரம்பு 2 புள்ளி. அதற்குமேல் போனால் அடுத்த படி டைலைக் கேட்டு வாங்கும். வரம்பை உயர்த்தினால் படம் சொரசொரப்பு, வேகம் அதிகம். பழைய கணினி வைத்திருப்பவர்கள் முதலில் தொட வேண்டிய திருகு இதுதான். தொடக்கூடாததை எல்லாம் தொட்டுவிட்டுக் கடைசியில்தான் இதற்கு வருவோம்.

நான் எட்டு கிலோமீட்டர்க் கட்டம் போட்டு, 300 புள்ளிக்குமேல் வந்தால் காட்டு என்று எழுதியிருந்தேன். என் மேசையில், இருபது கிலோமீட்டர் உயரத்தில், கட்டம் 370 புள்ளிக்கு வந்தது. கிணறுகள் அழகாக முளைத்தன. அடுத்த வாரம் ஓர் அலுவலகக் கூட்டத்தில் காட்டப் போனேன். அங்கே இருந்தது பழைய புரொஜெக்டர், மேலிருந்து கீழாக 600 புள்ளிதான். அதே இருபது கிலோமீட்டர் உயரம். கட்டம் 208 புள்ளிக்குச் சுருங்கிவிட்டது. விதிப்படி அடுக்கு தன்னை மறைத்துக்கொண்டது. சுவர் முழுக்கப் பசுமையாக ராணிப்பேட்டை. ஒரு பிரச்சினையும் இல்லாத ஊர் மாதிரி. முன்வரிசையில் ஒருவர், “அப்படியொண்ணும் மோசமா இல்லையே” என்றார். இன்னும் இறங்கிக் காட்டியிருக்கலாம். கைபேசி அலற, டீ வர, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

மறைப்பது தவறு என்று சொல்லவரவில்லை, மறைக்காமல் வரைபடமே கிடையாது. அரசும் மறைக்கிறது. கூகுள் எர்த் வந்த ஆண்டு அக்டோபரிலேயே, ஹைதராபாத்தில் காவல்துறை அதிகாரிகளிடம் பேசிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், இப்படிக் கூர்மையான படங்கள் எல்லோர் கைக்கும் போவதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். அதே 2005இன் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசைத் தாள், பொதுமக்களுக்கு இன்னொரு வரிசைத் தாள் என்று பிரித்தது. அரக்கோணத்தில் கடற்படை விமானதளம் இருக்கும் மாவட்டத்தில் இதன் நியாயம் புரியும். 2009 ஆகஸ்டில் இஸ்ரோ தன் புவன் தளத்தைத் திறந்தது. 2021 பிப்ரவரி விதிமுறைகள் பழைய கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியைத் தளர்த்தின. ராணுவம் மறைப்பது வேண்டுமென்றே. என் கிணறுகள் மறைந்தது நான் எழுதிய 300 என்ற எண்ணால். பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

*

தரையின் மேடுபள்ளத்துக்கும் படி உண்டு. ராணிப்பேட்டைக்கு மேலே நின்று பார்வையைச் சாய்த்து மேற்கே ஆம்பூரைப் பாருங்கள். காலடியில் நுணுக்கமான டைல், அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் சொரசொரப்பான டைல். பக்கத்துப் பக்கத்து டைல்கள் வேறு வேறு படியில் இருந்தால் ஓரங்கள் பொருந்தாமல் விரிசல் விடும், அதன் வழியே பூமிக்கடியில் கறுப்பு தெரியும். தீர்வு தையல்காரர் பாணி: ஒவ்வொரு டைலின் ஓரத்திலும் பாவாடை மாதிரி ஒரு தொங்கல் விட்டுவிடுவார்கள். விரிசலில் கறுப்புக்குப் பதில் பாவாடை தெரியும், கண் ஏமாந்துவிடும்.

இந்த உயரத் தரவு பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் விண்ணோடம் ரேடாரால் அளந்தது, முப்பது மீட்டருக்கு ஓர் எண். சோளிங்கர் மலை அதில் நன்றாகவே நிற்கிறது. ஒரு மதில் நிற்காது. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். தொட்டி போன்ற ஒன்றை நேர்மேலிருந்து பார்த்தால் கறுப்புச் செவ்வகம். சுவர் எவ்வளவு உயரம், பக்கத்துக் கூரை எவ்வளவு தாழ்வு என்பது எந்தப் படியிலும் இல்லை.

*

புரொஜெக்டர் சம்பவத்துக்குப் பிறகு விதியை மாற்றி எழுத உட்கார்ந்தேன். மேலிருந்தும் தெரிய வேண்டும், ஈ மொய்க்கவும் கூடாது. வழக்கமான வழி, பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளை ஒரே புள்ளியாகக் கூட்டி, சராசரியை நிறமாகக் காட்டுவது. செய்து பார்ப்பதற்கு முன் ஒரு கற்பனைக் கணக்கு. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நூறு கிணறு. தொண்ணூற்றொன்பதில் 0.01. ஒன்றில் மட்டும் 2, வரம்பைப்போல் நாற்பது மடங்கு. சராசரி 0.03. பச்சைப் புள்ளி! அந்த ஒரு கிணற்றுக்காரர் பச்சைப் புள்ளிக்கடியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். மஞ்சள் தண்ணீரைக் கரைத்த அதே நான்கில் ஒரு பங்கு புத்தி.

சராசரிக்குப் பதில் உச்ச அளவை எடுத்துக்கொள் என்று எழுதினேன். கூட்டத்தில் எது மோசமோ அதன் நிறமே கூட்டத்தின் நிறம். இது கொஞ்சம் மிகைதான். தொண்ணூற்றொன்பது பேர் கிணற்றை ஒருவரால் சிவப்பாக்குகிறது, நிலம் விற்க நினைப்பவர் என்மேல் பாய்வார். அதனால் புள்ளிக்குள் எத்தனை கிணறு, எத்தனை வரம்பு மீறியது என்று சின்னதாக எண் போட்டேன். அந்த எண்ணைப் படிக்கக் கிட்டப் போக வேண்டும் என்பது வேறு விஷயம்.

நில அளவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நூறு கிலோமீட்டர் உயரம். சிவப்புப் புள்ளி இந்த முறை மறையவில்லை. ஆனால் ‘ராணிப்பேட்டை’ என்ற பெயர் அதன்மேல் வந்து உட்கார்ந்து பாதியை மூடியிருந்தது. பெயர் அடுக்கு எப்போதும் மேலே இருக்கும், அது வழக்கம்.

“பேர வேணா நகர்த்தட்டுமா சார்? இல்ல, புள்ளியப் பெருசாக்கட்டுமா?”

“பேர எடுத்துடு தம்பி” என்றார். “ஊரு எங்க கீதுன்னு எங்களுக்குத் தெரியும்.”

பெயர் அடுக்கை அணைத்தேன். ஆற்காடும் வாலாஜாபேட்டையும் சேர்ந்தே போய்விட்டன. வெளிறிய பாலாறு, அதற்கு வடக்கே சிவப்பாக ஒரு புள்ளி.